மெயில்பெட்டி பெருத்துவிட்டால்: பிரிப்பதா, இறக்குவதா, இடம் மாற்றுவதா?

வெப்மெயில் மெதுவாக இருக்கிறது என்றால் திருகோணமலையில் முதல் பழி இணைய இணைப்பின் மேல் விழும். அடுத்த பழி கணினியின் மேல். ரவுட்டரை அணைத்துப் போடுவார்கள், பிரவுசரின் கேஷை அழிப்பார்கள், கடைசியில் புது லப்டொப்பும் வந்துவிடும். இன்பொக்ஸ் மட்டும் அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். நிலாவெளியில் விருந்தினர் விடுதி நடத்தும் ஒரு அண்ணன் சொன்னார்: "தம்பி, இன்பொக்ஸ் திறக்கிறதுக்குள்ள பிளேன்டீ ஆறிப்போகுது. ஃபைபர் போட்டும் இதே கதைதான்." பார்த்தால், ஒரே ஃபோல்டரில் ஒரு இலட்சத்துக்கு மேல் மெயில்.

இங்கே பலருடைய ஏற்பாடும் ஒரே மாதிரிதான். உப்புவெளி, நிலாவெளி விடுதிக்காரர்கள், புறாமலைக்குப் படகு விடுபவர்கள், துறைமுகத்தை நம்பிய கப்பல் முகவர் கந்தோர்கள், சுனாமிக்குப் பிறகு தொடங்கி இன்னும் நடக்கும் தொண்டு நிறுவனங்கள் எல்லாரும் வெப்சைட்டுக்காக வருடக் கட்டணத்தில் ஒரு பகிர்வு ஹோஸ்டிங் (ஒரே சேர்வரைப் பலர் பங்கிட்டுக்கொள்வது) எடுத்தார்கள். அதோடு மெயில் சும்மா வந்தது. இப்போது வியாபாரமே அந்த மெயிலில்தான் ஓடுகிறது. வெப்சைட்டை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. முன்பதிவுத் தளங்களின் அறிவிப்புகள், வெளிநாட்டவரின் பாஸ்போர்ட் ஸ்கான்கள், கப்பலுக்குக் கப்பல் வரும் பட்டியல்கள், எல்லாருக்கும் பதில் போட்டுப் போட்டே நீண்டுபோன உரையாடல்கள். பத்து வருடமாக யாரும் ஒன்றையும் அழிக்கவில்லை. கொழும்பிலிருந்து யாராவது பழைய மெயிலைக் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

இந்த நிலைக்கு வந்தவர்களுக்கு ஐந்து வழிகள் இருக்கின்றன. இருக்கும் இடத்திலேயே ஃபோல்டர் பிரித்து ஒழுங்குபடுத்தலாம். பழைய மெயிலைக் கணினிக்கு இறக்கிவிடலாம். ஹோஸ்டிங் கம்பனியிடம் சொல்லிச் சேர்வர் பக்கம் சில மாற்றங்கள் செய்விக்கலாம். மெயிலை மட்டும் கூகுள், மைக்ரோசொப்ட், சோஹோ போன்ற சேவைக்குக் கொண்டுபோகலாம். சொந்தமாக விபிஎஸ் (வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் தனிச் சேர்வர்) எடுத்து நாமே மெயில் சேர்வர் நடத்தலாம். விற்கிறவர்கள் கடைசி இரண்டையும்தான் முதலில் சொல்வார்கள். முதல் இரண்டையும் செய்து பார்க்காமல் அங்கே போவது காசைக் கொட்டுவது என்பது என் கருத்து. அது ஏன் என்று சொல்ல, எது மெதுவாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

திரைக்குப் பின்னால் நடப்பது

பெரும்பாலான பகிர்வு ஹோஸ்டிங்கில் கணக்கை நிர்வகிக்கச் சிபேனல் என்ற பக்கம் இருக்கும். அதில் வெப்மெயில் என்று திறப்பது ரவுண்ட்கியூப், 2005இல் தொடங்கிய திறந்த மூல மென்பொருள். அது மெயில் எதையும் தன்னிடம் வைத்திருப்பதில்லை. நீங்கள் ஒவ்வொரு முறை கிளிக் செய்யும்போதும் ஐமேப் (மெயிலைச் சேர்வரிலேயே வைத்துப் பார்க்கும் முறை) வழியாக டவ்கொட் என்ற மெயில் சேர்வர் மென்பொருளிடம் கேட்டு வாங்கிக் காட்டுகிறது. டவ்கொட் வழக்கமாக மெயிலை மெயில்டிர் முறையில் வைத்திருக்கும். டேனியல் பெர்ன்ஸ்டைன் தன்னுடைய கியூமெயில் மென்பொருளுக்காக 1990களில் வகுத்த முறை அது: ஒரு மெயிலுக்கு ஒரு பைல். படித்ததா, பதில் போட்டதா என்ற அடையாளம்கூட அந்தப் பைல் பெயரின் முடிவில் ஓர் எழுத்தாக ஒட்டியிருக்கும். ஒரு பைல் கெட்டுப்போனால் ஒரு மெயில்தான் போகும், அது பெரிய நன்மை. ஆனால் ஒரு இலட்சம் மெயில் இருந்தால் ஒரு இலட்சம் பைல் இருக்கும்.

இன்பொக்ஸைத் திறந்தால் திரையில் வருவது 50 வரிகள்தான். ஆனால் எந்த 50 என்று தெரிய வேண்டுமே. அனுப்பிய திகதிப்படி அடுக்கச் சொல்லியிருந்தால், முழு ஃபோல்டரின் திகதிகளையும் சேர்வர் பார்த்தாக வேண்டும். டவ்கொட் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ஒருமுறை பார்த்த திகதி, அனுப்புநர், தலைப்பு எல்லாவற்றையும் சுட்டிப் பைலிலும் கேஷ் பைலிலும் குறித்துக்கொள்ளும். அந்தக் குறிப்பு கைவசம் இருந்தால் ஒரு இலட்சம் மெயிலையும் சட்டென்று அடுக்கிவிடும். இல்லாவிட்டால் ஒவ்வொரு பைலாகத் திறந்து தலைப்பகுதியைப் படிக்க வேண்டும். அதே டிஸ்க்கை அதே நேரத்தில் மற்றக் கணக்குகளும் இழுத்துக்கொண்டிருக்கும்.

குறிப்பு எப்படி இல்லாமல் போகும்? பலரும் கவனிக்காத ஒரு காரணம் உண்டு. ஹோஸ்டிங் கணக்கின் டிஸ்க் இடம் நிரம்பிவிட்டால் டவ்கொட்டால் சுட்டிப் பைலை எழுத முடியாது. நினைவகத்தில் தற்காலிகமாகக் கட்டிக்கொண்டு சமாளிக்கும். இணைப்பு முடிந்ததும் அது கலைந்துவிடும். ரவுண்ட்கியூப்போ பெரும்பாலும் கிளிக்குக்குக் கிளிக் புது இணைப்புத் திறக்கிற பிராணி. ஆகவே ஒவ்வொரு முறையும் அ, ஆ-விலிருந்து தொடக்கம். நேற்றுவரை ஓரளவு ஓடிய பெட்டி இன்று திடீரென்று படுத்துவிட்டது என்றால் நான் முதலில் பார்ப்பது டிஸ்க் அளவைத்தான். குப்பைத்தொட்டியையும் ஸ்பாம் ஃபோல்டரையும் காலி செய்து கொஞ்சம் இடம் விட்டதும் பெட்டி மூச்சு விடுவதைப் பார்த்திருக்கிறேன்.

தேடல் வேறு கதை. அனுப்புநரிலும் தலைப்பிலும் தேடினால் கேஷ் கை கொடுக்கும். மெயிலின் உள்ளடக்கத்திலும் தேடு என்று டிக் போட்டால், சொற்களுக்குச் சுட்டி கட்டி வைக்காத சேர்வரில் ஒவ்வொரு மெயிலையும் முழுதாகப் படிக்க வேண்டிவரும். 20 ஜிபிப் பெட்டி ஒன்று, டிஸ்க்கில் உங்கள் பங்குக்கு வினாடிக்கு 5 எம்பி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்கு முன்பே வெப்மெயில் நேரம் கடந்துவிட்டது என்று கைவிரித்துவிடும். ஆட்கள் விடுவார்களா? மறுபடி தேடு பொத்தானை அழுத்துவார்கள். இப்போது அதே வேலை இரண்டாக நடக்கும்.

மெயிலோடு இணைத்து அனுப்பும் பைல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெயிலில் போகும் பைல்கள் அநேகமாக எப்போதும் பேஸ்64 எழுத்துகளாக மாறித்தான் போகும். மூன்று பைட் நான்காகும். போனில் எடுத்த 4 எம்பிப் பாஸ்போர்ட் படம் பெட்டியில் ஏறக்குறைய ஐந்தரை எம்பி பிடிக்கும். அதை மனேஜருக்கு ஃபோர்வர்ட் செய்தால் அனுப்பியவற்றில் இன்னொரு ஐந்தரை. எல்லாரும் இன்பொக்ஸைத்தான் திட்டுகிறார்கள். இடத்தைத் தின்பது பல கந்தோர்களில் அனுப்பிய மெயில் ஃபோல்டர்.

காசு செலவழிக்க முன்

உங்களுடைய பிரச்சினை இந்த வகையா என்று தெரிந்துகொள்வது சுலபம். வெப்மெயிலில் நுழைந்து, பத்து இருபது மெயில் மட்டும் உள்ள ஒரு ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். அது உடனே வந்து இன்பொக்ஸ் மட்டும் இழுத்தடித்தால், மெயில் குவியல்தான் காரணம். சின்ன ஃபோல்டரும் இழுத்தால், அதே டொமைனில் சோதனைக்கு ஒரு புது முகவரி உருவாக்கி அதில் நுழையுங்கள். வெறும் பெட்டியே திறக்க நேரமெடுத்தால் சேர்வர் முழுவதும் மூச்சு வாங்குகிறது. நீங்கள் எத்தனை மெயிலை அழித்தாலும் பயனில்லை, ஹோஸ்டிங் கம்பனியோடுதான் பேச வேண்டும். இரண்டையும் ஒருமுறை கந்தோர் வைஃபையிலும் ஒருமுறை போன் டேட்டாவிலும் பார்த்தால், இணைப்பின் மேல் உள்ள சந்தேகமும் தீரும்.

இன்னொன்றும் இருக்கிறது, இது மெதுவான வெப்மெயில் மாதிரியே வேடம் போடும். ஒரே இன்ஃபோ முகவரியை முதலாளியின் போன், மனேஜரின் போன், வரவேற்பு மேசைக் கணினி, வீட்டு லப்டொப் என்று எல்லாவற்றிலும் போட்டு வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றும் சேர்வரோடு பல ஐமேப் இணைப்புகளைப் பிடித்துக்கொள்ளும். கணினியில் மெயில் பார்க்கும் தண்டர்பேர்ட் மென்பொருள் மட்டுமே வழக்கமாக ஐந்து வரை வைத்திருக்கும். டவ்கொட்டில் ஒரே பயனர், ஒரே ஐபி முகவரியிலிருந்து இத்தனை இணைப்புத்தான் என்று ஒரு வரம்பு உண்டு. அதன் சொந்த அமைப்பில் அது 10. ஹோஸ்டிங் கம்பனிகள் கூட்டியோ குறைத்தோ வைத்திருப்பார்கள். கந்தோரில் எல்லாக் கருவியும் ஒரே ரவுட்டரின் பின்னால் இருப்பதால் எல்லாம் ஒரே ஐபியாகத்தான் கணக்காகும். வரம்பு முட்டினால் புதிதாக வரும் கருவிக்கு மெயில் வராது, சிலவேளை கடவுச்சொல் பிழை என்றுகூடக் காட்டும். வைஃபையை விட்டு போன் டேட்டாவுக்கு மாறினால் சரியாகிவிடும். உடனே "பார்த்தீர்களா, லைன்தான் சரியில்லை" என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

இருந்த இடத்திலேயே பிரிப்பது

செலவு இல்லாதது, பலனும் அதிகம். வேலைதான் கொஞ்சம் அலுப்பு. வருடத்துக்கு ஒரு ஃபோல்டர் உருவாக்கி, பழைய மெயிலை அதற்குள் நகர்த்த வேண்டும். ஆள் வாரியாக, நாடு வாரியாக, அறை வாரியாக என்று அழகாகப் பிரிக்கப் போனவர்கள் நடுவழியில் நின்றுவிடுவார்கள். எந்த மெயில் எங்கே போகும் என்று யோசிக்கத் தேவையில்லாத ஒரே பிரிவு வருடம்தான். இன்பொக்ஸில் இந்த வருடத்தையும் போன வருடத்தையும் மட்டும் விடுங்கள்.

வெப்மெயிலிலேயே இதைச் செய்வதென்றால் எல்லாவற்றையும் தெரிவு செய்து ஒரே இழுவையில் போடாதீர்கள். பாதியில் நேரம் கடந்து நின்றுவிடும், எது போனது எது போகவில்லை என்று தெரியாமல் தலை சுற்றும். மாதம் மாதமாக நகர்த்துங்கள். அதைவிட நல்லது, ஒரு கணினியில் தண்டர்பேர்டைப் போட்டு ஐமேப் முறையில் அதே பெட்டியைத் திறப்பது. அதில் ஆவணப்படுத்தும் வசதிக்கு வருட ஃபோல்டர் என்று அமைப்புக் கொடுத்துவிட்டால், தெரிவு செய்த மெயில்களை அதுவே 2016, 2017 என்று பிரித்து அந்தந்த ஃபோல்டருக்கு அனுப்பும். ரவுண்ட்கியூப்பிலும் இதே வேலைக்கு ஒரு செருகி உண்டு. உங்கள் ஹோஸ்டிங்கில் அதை இயக்கியிருந்தால் அமைப்புகளில் தெரியும். மெயில்டிர் முறையில் ஒரே கணக்குக்குள் மெயிலை நகர்த்துவது பைலை இடம் மாற்றிப் பெயரிடுவதுதான், ஆகவே சேர்வருக்கு அது பெரிய பாரமில்லை.

அப்புறம் ரவுண்ட்கியூப்பின் அமைப்புகள். ஒவ்வொன்றும் சின்னது, சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பட்டியலின் வரிசை அனுப்பிய திகதி என்று இருந்தால் 'ஒன்றுமில்லை' என்று மாற்றி, இறங்கு வரிசையில் வையுங்கள். மெயில் ஃபோல்டருக்கு வந்து சேர்ந்த ஒழுங்கிலேயே காட்டும், அடுக்கும் வேலை மிச்சம். இன்பொக்ஸுக்கு இது போதும். நகர்த்திய பழைய ஃபோல்டர்களில் மட்டும் ஒழுங்கு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். உரையாடல்களாகக் கோத்துக் காட்டுவதை நிறுத்துங்கள், பெரிய ஃபோல்டரில் அது தனிப் பாரம். எல்லா ஃபோல்டரிலும் புது மெயில் பார் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். பக்கத்துக்கு 200 வரி காட்டச் சொல்லியிருந்தால் 50க்கு இறக்குங்கள்.

இந்த வழியால் ஆகாதது ஒன்றும் உண்டு. மொத்த அளவு ஒரு எம்பிகூடக் குறையாது. பைல்களின் எண்ணிக்கையும் குறையாது, அதுதான் பகிர்வு ஹோஸ்டிங்கில் இன்னொரு முட்டுச்சுவர். பல கம்பனிகள் ஒரு கணக்கில் இத்தனை பைல்தான் என்று ஐநோட் வரம்பு வைத்திருக்கின்றன. விளம்பரத்தில் வரம்பற்ற இடம் என்று பெரிதாகப் போட்டிருக்கும், ஐநோட் வரம்பு விதிமுறைப் பக்கத்தின் அடியில் கிடக்கும். அதைத் தாண்டிய கணக்குகளைத் தங்கள் பக்அப்பில் சேர்ப்பதில்லை என்று எழுதி வைத்திருக்கும் கம்பனிகளும் உண்டு. உங்கள் விதிமுறையில் இந்த ஒரு வரியையாவது தேடிப் படித்து வையுங்கள்.

கணினிக்கு இறக்குவது

டிஸ்க் இடமோ ஐநோட்டோ நெருக்கினால் அடுத்தது இது. மூன்று நான்கு வருடத்துக்கு முந்தியதைத் தண்டர்பேர்டின் உள்ளூர் ஃபோல்டர்களுக்கு நகல் எடுத்து, எண்ணிக்கை சரியா என்று பார்த்து, பிறகு சேர்வரில் அழிப்பது. முதலில் நகல், அப்புறம்தான் அழிப்பு. நேரடியாக நகர்த்தும் போது இடையில் கரண்ட் போனால் வீண் தலைவலி. 20 ஜிபி இறக்க, வினாடிக்கு 10 மெகாபிட் ஓடும் இணைப்பில் கணக்குப்படியே நாலரை மணி நேரம். பகிர்வு சேர்வர் அந்த வேகத்தில் கொடுக்காது. இரவு டேட்டா உள்ள பக்கேஜ் என்றால் இரவில் ஓட விடுங்கள்.

இறக்கிய பிறகு தேடல் கணினியிலேயே நடக்கும். தண்டர்பேர்ட் தன் சுட்டியைக் கட்டி முடித்ததும், வெப்மெயிலில் வராத பழைய மெயில் கண் மூடித் திறப்பதற்குள் வரும். தேடலுக்காகவே இடம் மாற நினைப்பவர்கள் இதை ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

பொப் முறையில் (மெயிலைச் சேர்வரிலிருந்து கணினிக்கு எடுத்துக்கொள்ளும் முறை) இறக்கிவிட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். பொப் இன்பொக்ஸை மட்டும்தான் எடுக்கும்; அனுப்பிய மெயில்கள் வரவே வராது. இரண்டு பேர் பார்க்கும் பெட்டியில் ஒருவரின் கணினி மெயிலை எடுத்துக்கொண்டு சேர்வரில் அழித்துவிட்டால் மற்றவருக்கு ஒன்றும் இருக்காது. தனி ஆள் நடத்தும் கடைக்குச் சரி, மற்றவர்களுக்கு வேண்டாம்.

இந்த வழியின் பலவீனம் அந்தக் கணினிதான். கடலுக்குக் கிட்ட இருக்கும் கந்தோர்களில் உப்புக்காற்று இரும்பையே விடுவதில்லை. கணினியின் உள்ளே போர்டும் இணைப்பு முனைகளும் பச்சை பூத்துக் கிடப்பதைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆகவே இரண்டு பிரதி வேண்டும், ஒன்று வேறு கட்டடத்தில். வெளி டிஸ்க் வாங்கினால் அதன் ஃபோர்மற்றைப் பாருங்கள். தண்டர்பேர்ட் வழக்கமாக ஒரு ஃபோல்டரின் மெயில் முழுவதையும் ஒரே பைலாக வைக்கும், பழைய ஃபட்32 டிஸ்க்கில் 4 ஜிபிக்கு மேல் ஒரு பைல் ஏறாது. வருட வாரியாகப் பிரித்தவர்களுக்கு இங்கே அனேகமாகத் தொல்லை இல்லை. அவுட்லுக்கில் வைப்பவர்களுக்கு வேறு வரம்பு: அதன் தரவுப் பைல் வழக்கமான அமைப்பில் 50 ஜிபியோடு நின்றுவிடும், அதற்கு வெகு முன்பே திணறத் தொடங்கும்.

பாஸ்போர்ட் ஸ்கான்களைப் பற்றி விடுதிக்காரர்களுக்கு ஒரு விடயம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் நிறைவேறியிருக்கிறது. தேவை முடிந்த தனிப்பட்ட விவரங்களை வைத்துக்கொண்டே இருக்கக்கூடாது என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. ஏழு வருடத்துக்கு முன் இரண்டு இரவு தங்கிப்போன ஜெர்மன்காரரின் பாஸ்போர்ட் உங்கள் பெட்டியில் எதற்கு? இறக்குவதற்கு முன் அவற்றை அழித்தாலே பாதி பாரம் போய்விடும் பெட்டிகள் இருக்கின்றன.

ஹோஸ்டிங் கம்பனியிடம் கேட்பது

இதில் நீட்ட ஒன்றுமில்லை. கேட்கக்கூடியவை இரண்டு. ஒன்று, பெட்டியை மெயில்டிரிலிருந்து எம்டிபொக்ஸ் முறைக்கு மாற்றுவது. அதில் பல மெயில்கள் ஒரே பைலுக்குள் போவதால் ஐநோட் பிரச்சினை தீரும். ஆனால் படித்தது, பதில் போட்டது போன்ற அடையாளங்கள் சுட்டிப் பைலில் மட்டும்தான் இருக்கும். அது கெட்டால் அவையும் போகும். அழித்த மெயிலின் இடமும் தனியே துப்புரவு ஓடினால்தான் திரும்பக் கிடைக்கும். மற்றது, சொலர் போன்ற முழுச்சொல் தேடல் சுட்டி. அது நினைவகத்தைத் தின்னும், மலிவுப் பகிர்வு சேர்வரில் போடச் சொன்னால் சிரிப்பார்கள். இரண்டையுமே சேர்வர் நிர்வாகிதான் செய்ய முடியும். கேட்பதில் நட்டமில்லை, மறுமொழி வரும் வேகத்தை வைத்தே அந்தக் கம்பனியோடு இன்னும் இருப்பதா என்று தீர்மானிக்கலாம்.

வேறு வெப்மெயில் போட்டுத் தரச் சொல்பவர்களும் உண்டு. ஸ்னாப்பிமெயில் போன்றவை பார்க்க இலகுவாகவும் ஓரளவு வேகமாகவும் இருக்கும். அடியில் இருப்பது அதே டவ்கொட், அதே இலட்சம் பைல். நான் இதில் நேரம் செலவழிக்க மாட்டேன்.

மெயிலை மட்டும் இடம் மாற்றுவது

வெப்சைட் இருந்த இடத்திலேயே இருக்க, மெயில் மட்டும் வேறு சேவைக்குப் போகலாம் என்பது பலருக்குத் தெரியாது. முக்கியமாக மாற்ற வேண்டியது டொமைனின் எம்எக்ஸ் பதிவு, அதாவது மெயில் எந்தச் சேர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவு. வேகத்தைப் பொறுத்தவரை இதில் வாதமே இல்லை. ஜிமெயில் போன்றவை தேடலை மையமாக வைத்துக் கட்டியவை, இலட்சம் மெயில் அவற்றுக்கு ஒரு பொருட்டில்லை.

செலவு ஆளுக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்று வரும், பெரும்பாலும் டொலரில், கார்ட்டில். 2022இல் டொலர் ஏறியபோது மாதக் கட்டணம் ரூபாவில் எங்கே போனது என்பது இந்தச் சேவைகளில் இருந்தவர்களுக்கு மறந்திருக்காது. ஆகவே எத்தனை பேருக்கு என்பதில் கஞ்சத்தனமாக இருங்கள். வியாபாரம், கணக்கு, இன்ஃபோ, முன்பதிவு என்று நான்கு முகவரி இருந்தாலும் பார்ப்பவர் ஒருவர் என்றால், ஒரு கணக்கும் மூன்று மாற்றுப் பெயரும் போதும். ஐந்து பேர் ஒரே பெட்டியைப் பார்க்கும் கந்தோருக்கு மைக்ரோசொப்ட் 365இல் ஒரு நல்ல வசதி உண்டு: பகிர்வுப் பெட்டி. ஆட்களுக்குத்தான் கட்டணம், 50 ஜிபி வரை அந்தப் பெட்டிக்குத் தனிக் கட்டணம் இல்லை. பதில் போட்டாயிற்றா என்பதும் எல்லாருக்கும் தெரியும். கூகுளில் இதற்குக் கூட்டுப் பெட்டியாக ஒரு குழு அமைக்கலாம், ஆனால் பழகச் சிலநாள் எடுக்கும். சென்னைக்காரர்களின் சோஹோ மூன்றிலும் மலிவு. அதன் இலவசத் திட்டத்தில் ஐமேப்பும் பொப்பும் கிடையாது என்பதால், அவுட்லுக்கும் தண்டர்பேர்டும் பாவிப்பவர்கள் கட்டணத் திட்டத்துக்குத்தான் போக வேண்டும்.

பழைய மெயிலை அங்கே கொண்டுபோவதுதான் இழுவை. சாதாரண ஐமேப் வழியாக ஜிமெயிலுக்கு ஏற்றினால் ஒரு நாளைக்கு 500 எம்பி அளவில் கூகுள் மறித்துவிடும். 20 ஜிபிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு மாதம் தாண்டும். நிர்வாகப் பக்கத்தில் அவர்களே தரும் இடமாற்றுக் கருவியைப் பாவிப்பது நல்லது. அதைவிட நல்லது, எல்லாவற்றையும் கொண்டுபோகாமல் இருப்பது. கடைசி இரண்டு வருடத்தை மட்டும் ஏற்றி, மற்றதை மேலே சொன்ன மாதிரி கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். பிரிக்கும் வேலையை முதலில் செய்யச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். இடம் மாறினாலும் அந்த உழைப்பு வீணாகாது.

விபிஎஸ்

டவ்கொட்டை உங்களுக்கேற்ற மாதிரி அமைத்து, தேடல் சுட்டியும் போட்டால் அருமையாக ஓடும். பெறுவது சுலபம், அனுப்புவதுதான் பிரச்சினை. பல கிளவுட் கம்பனிகள் மெயில் வெளியே போகும் வழியான 25ஆம் போர்ட்டை அடைத்தே தருகின்றன. புது ஐபிக்கு நற்பெயர் இராது. ஜிமெயிலும் யாஹூவும் 2024 பெப்ரவரியிலிருந்து எஸ்பிஎஃப், டிகேஐஎம் (மெயில் உண்மையில் அந்த டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் பதிவுகள்) விடயத்தில் கண்டிப்பாக இருக்கின்றன. விருந்தினருக்குப் போன முன்பதிவு உறுதி ஸ்பாமில் விழுந்தால் உங்களுக்குத் தெரியவே வராது. ஒரு விடுதிக்காகவோ ஒரு கந்தோருக்காகவோ இதைச் செய்யச் சொல்லி யாராவது கேட்டால் நான் மறுத்துவிடுவேன்.

யாருக்கு எது

ஒருவர் இருவர் பார்க்கும் விடுதிக்கும் படகுக்காரருக்கும் பிரிப்பதும் இறக்குவதும் தாராளம். நவம்பர் தொடங்கி ஜனவரி வரை மழைக்காலத்தில் அறைகள் காலியாகக் கிடக்கும், அப்போது செய்துவிட்டால் மே மாதம் ஆட்கள் வரத் தொடங்கும்போது இன்பொக்ஸ் இலேசாக இருக்கும். தொண்டு நிறுவனங்களில் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள், போனவர் பெட்டி போனவரோடு போகும். அவர்களுக்குப் பழைய பெட்டிகளை இறக்கி இரண்டு பிரதி எடுத்து வைப்பதுதான் முதல் வேலை. சேவை மாற்றம் அதற்குப் பிறகு, நிதி கிடைத்தால்.

கப்பல் முகவர் கந்தோர் மாதிரி, ஐந்தாறு பேர் ஒரே பெட்டியில் நாள் முழுவதும் பழைய மெயிலைத் தேடிக்கொண்டிருக்கும் இடம் என்றால் தயங்காமல் இடம் மாறுங்கள். நேரம் அங்கே காசு. மாதக் கட்டணம் அதன் முன் தூசு. மாறும்போது சிபேனலில் மின்னஞ்சல் வழித்தடம் என்ற அமைப்பைத் தொலை சேர்வர் என்று மாற்ற மறக்க வேண்டாம். மாற்றாவிட்டால் உலகத்திலிருந்து வரும் மெயிலெல்லாம் புதுப் பெட்டிக்குப் போக, உங்கள் சொந்த வெப்சைட்டின் தொடர்புப் படிவத்திலிருந்து வரும் மெயில் மட்டும் பழைய பெட்டிக்குள்ளேயே விழுந்துகொண்டிருக்கும். மாற்றிய அன்றே அந்தப் படிவத்தில் நீங்களே ஒன்றை எழுதி அனுப்பிப் பாருங்கள். புதுப் பெட்டியில் அது வந்த பிறகும் பழைய பெட்டியை ஒரு மாதமாவது அழிக்காமல் வைத்து, வாரத்துக்கு ஒருமுறை எட்டிப் பாருங்கள்.